தீங்கற்ற மூலிகை என்றொரு பொய்

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் நகரியைக் கடந்தால் புத்தூர். முறிந்த கையையும் காலையும் பச்சிலையும் மூங்கில் சிம்பும் வைத்துக் கட்டும் பரம்பரைக் குடும்பங்களால் அவ்வட்டாரத்தின் பெயர் தமிழ்நாடெங்கும் பரவியது; 'புத்தூர் கட்டு' என்று எழுதிய பலகையைக் காணாத தமிழர் குறைவு. புத்தூருக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் நாராயணவனம். வேங்கடவன் பத்மாவதியை மணந்த தலம் என்று புராணம் போற்றும் கல்யாண வேங்கடேசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. 1902இல் அடங்கியவராகச் சொல்லப்படும் சுரைக்காய்ச் சித்தரின் சமாதியும் அங்கேதான். தோளில் சுரைக்காயுடன் திரிந்த அந்தச் சித்தரை நோய் தீர்த்தவராகக் கொண்டாடும் அன்பர்கள் சென்னையிலிருந்தும் வருகிறார்கள். முறிந்த எலும்போடு வருவோர் புத்தூரில் இறங்க, கலங்கிய மனத்தோடு வருவோர் நாராயணவனத்தில் அமர்கிறார்கள்.

இவ்விரண்டு மருத்துவங்களுக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அதை மறந்ததால்தான் மூலிகை பற்றிய இன்றைய விவாதம் தடம் புரண்டு கிடக்கிறது. எலும்பு கூடினால் தெரியும். கோணலாகக் கூடினாலும் தெரியும். சில வாரங்கள் கழித்துக் கை உயர்கிறதா என்று நோயாளியே பார்த்துக்கொள்வார். ஐயம் எழுந்தால் எக்ஸ்ரே இருக்கிறது. கட்டியவரின் பிழை ஊரார் கண்ணுக்குத் தப்பாது. உறக்கம் அப்படியன்று. தூக்கமின்மை தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். அது உச்சத்தில் இருக்கும் வாரத்தில்தான் மனிதர் மருந்து தேடுவர். அடுத்த வாரம் மருந்தே இல்லாவிட்டாலும் சற்றுத் தணிந்திருக்கும். கொடுத்தவர்மேல் நம்பிக்கை இருந்தால் வெறும் மாவு உருண்டையும் கண்ணயரவைக்கும். மன அமைதி, உறக்கம், காதிரைச்சல், கண்சோர்வு ஆகிய நான்கும் இவ்வகையைச் சேர்ந்தவை. பயன் உண்மையா, தோற்றமா என்று உண்டவராலேயே பிரித்தறிய இயலாத நோய்கள் இவை.

ஆகவே எலும்புக்குரிய மருந்தைவிட மனத்துக்கும் புலன்களுக்கும் உரிய மருந்தே கடுமையான சோதனைக்கு உட்பட வேண்டும். நடப்பதோ நேர்மாறு. எலும்பு முறிவுக்கு எண்ணெய் விற்பவர் சற்றே அடக்கி வாசிக்கிறார். உறக்கத்துக்கும் கண்ணொளிக்கும் பொடி விற்பவருக்கு எந்த அடக்கமும் தேவைப்படுவதில்லை. சீனத்து இலந்தை விதையும், சாமந்திப்பூத் தேநீரும், அமுக்கரா மாத்திரையும், வல்லாரைச் சாறும் இன்று ஒரே அலமாரியில் ஒரே வாசகத்தோடு நிற்கின்றன: இயற்கையானது, தொன்மையானது, பக்கவிளைவு அற்றது. குருட்டுத்தன்மை, செவிட்டுத்தன்மை, கண்புரை, கண்ணழுத்த நோய், பித்து ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை இந்தியச் சட்டம் 1954 முதலே தடைசெய்கிறது. விளம்பரம் செய்வோர் நோயின் பெயரை மட்டும் விலக்கி, 'கண்ணொளி பெருகும்', 'நரம்பு வலுப்பெறும்' என்று எழுதிச் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுகின்றனர்.

இந்த வாசகத்தை மறுப்பதென்றால் மரபை மறுப்பதாகும் என்று பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் அடிப்படையற்றது. 'பக்கவிளைவு அற்றது' என்பது மரபு சொன்ன சொல்லே அன்று. சந்தை சொன்ன சொல். சித்த மருத்துவ ஏடுகள் மூலிகையைத் தீங்கற்றதாக எங்கும் கருதவில்லை. தீங்கு உண்டு என்று அறிந்ததால்தான் சுத்திமுறை, அளவு, துணைமருந்து, பத்தியம் என்று அடுக்கடுக்காக நிபந்தனைகள் விதித்தன. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று ஊர்வழக்கே சொல்லும்போது, மருந்து மட்டும் எப்படி எந்த அளவிலும் அமிர்தமாகும்? நிபந்தனைகளின் தொகுதிக்கே மரபு என்று பெயர். நிபந்தனைகளை உதிர்த்துவிட்டுச் செடியை மட்டும் பொதியில் அடைத்தால் எஞ்சுவது வெறும் சரக்கு.

வசம்பை எடுத்துக்கொள்ளலாம். இரவில் பெயரைச் சொல்லக்கூடாதென்று 'பேர் சொல்லாதது' என அழைக்கப்பட்ட இந்தக் கிழங்கு, தமிழ் வீடுகளில் பிள்ளைமருந்து. இதன் நெருங்கிய உறவான ஷி சாங் பூ என்னும் கிழங்கைச் சீன மருத்துவம் செவியும் கண்ணும் சித்தமும் தெளிவதற்காகப் பல நூற்றாண்டுகளாகக் கையாள்கிறது. புலன்களுக்கும் மனத்துக்கும் உரிய மருந்தாக இரு நாகரிகங்களும் ஒரே குலத்துச் செடியிடம் வந்து சேர்ந்தன என்பது வியப்புக்குரியது, ஆராயத்தக்கது. ஆனால் வசம்பின் எண்ணெயில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் விலங்காய்வுகளில் புற்றுநோயை உண்டாக்கியதால், அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது. அந்தப் பொருளின் அளவும் எல்லா வசம்பிலும் ஒன்றன்று: வட அமெரிக்க வகையில் அது இல்லை, இந்திய வகைகளில் மிகுதி. பாட்டி வசம்பை என்ன செய்தாள்? விளக்கில் சுட்டுக் கரியாக்கி, கல்லில் ஓரிரு முறை உரசி, அந்தத் துளியைத்தான் நாவில் தடவினாள். ஆவியாகும் எண்ணெயின் பெரும்பகுதி நெருப்பிலேயே போய்விடும். எஞ்சியதும் துளி அளவு. வேதியியல் தெரியாமலே அவள் கைக்கொண்ட காப்பு அது. இன்று சுடாத வசம்பை அரைத்துக் குப்பியில் அடைத்து, 'பாட்டி வைத்தியம்' என்று பெயரிட்டு விற்கிறார்கள். பாட்டியின் பெயர் இருக்கிறது. பாட்டியின் நெருப்பு இல்லை.

அமுக்கராவுக்கும் இதே கதி. வேரைப் பாலின் ஆவியில் அவித்து உலர்த்தியே சூரணமாக்க வேண்டும் என்பது சித்த முறை. உலகச் சந்தைக்குச் செல்லும் பிழிவுகளில் வேர் எவ்வளவு, இலை எவ்வளவு, செறிவு எத்தனை மடங்கு என்பதை உண்பவர் அறியார். சில சிறிய ஆய்வுகள் உறக்கத்தில் ஓரளவு முன்னேற்றம் காட்டியுள்ளன. கல்லீரல் பாதிப்பு நேர்ந்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. டென்மார்க் 2023இல் இதன் விற்பனையைத் தடைசெய்தது. அந்தத் தடை மிகையானதா என்று வாதிடலாம். வாதிடுவதற்கு வேண்டிய தரவை அமுக்கராவின் தாயகம் திரட்டி வைத்திருக்கிறதா என்பதே வெட்கத்தோடு கேட்க வேண்டிய கேள்வி.

சீனத்தின் பெயரைச் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. போகர் சீனத்திலிருந்து வந்தாரா, சீனத்துக்குச் சென்றாரா என்ற வழக்கில் செலவிட்ட மையில் ஒரு பங்கையேனும் இரு மருத்துவங்களின் உண்மையான ஒப்பீட்டில் செலவிட்டிருந்தால் பயன் விளைந்திருக்கும். வல்லாரையும் கரிசலாங்கண்ணியும் இரு நாட்டு மருந்தேடுகளிலும் இருக்கின்றன. கந்தகமும் பாதரசமும் கூடிய இலிங்கத்தைச் சித்தர்கள் செந்தூரமாக்கினர். சீன மருத்துவர்கள் அதே இலிங்கத்தை மனத்தை அமர்த்தும் மாத்திரையில் சேர்த்தனர். இந்திய மருந்து விதிகள் ஊமத்தை, இலிங்கம் முதலியவற்றைத் தனி நச்சுப் பட்டியலில் வைத்து, மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளுமாறு எச்சரிக்கை அச்சிடச் சொல்கின்றன. அரசுப் பட்டியலும் பழைய ஏடும் இதில் ஒருமித்துப் பேசுகின்றன. விளம்பரம் மட்டும் வேறு பேசுகிறது.

சீனத்தின் அனுபவம் இரண்டு பாடங்களைத் தருகிறது. முதலாவது கசப்பானது. 1990களின் தொடக்கத்தில் பிரசெல்சு நகரில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை கலந்த மாத்திரை உண்ட பெண்கள் அடுத்தடுத்துச் சிறுநீரகச் செயலிழப்போடு மருத்துவமனைக்கு வந்தனர். ஒரு மூலிகைக்குப் பதிலாக ஒலியில் ஒத்த பெயருடைய மற்றொன்று கலந்துவிட்டதே காரணம் என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் பின்னர் கண்டறிந்தனர். கலந்துவிட்ட செடி அரிஸ்டோலோக்கியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. பாதிக்கப்பட்டோர் நூறு பேரளவில். அவர்களுள் பலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கண்டது. கண் சிவப்புக்கும் காதிரைச்சலுக்கும் தலைவலிக்கும் சீனத்தில் காலங்காலமாக வழங்கிய லோங் தான் மாத்திரையிலும் அதே பேரினத்துச் செடி ஒன்று பதிலியாக நுழைந்திருந்தது. 2003இல் சீன அரசே அச்செடியைத் தன் மருந்தேட்டிலிருந்து நீக்கியது. தமிழ் நிலத்தின் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் இந்தப் பேரினத்தைச் சேர்ந்தவையே. ஆடும் தீண்டாத செடி என்று பெயரிலேயே எச்சரித்தவர்கள் முன்னோர். அதே செடியின் பொடியைப் பக்கவிளைவு அற்றதாக விற்பவர்கள் அவர்களின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பயன் கண்ணுக்குத் தெரியாதது போலவே தீங்கும் பல ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் என்பதே பிரசெல்சு தரும் பாடம். எண்ணியவர்கள் இருந்ததால் அங்கே தெரிந்தது. எண்ணாத நாட்டில் நோயாளி எண்ணிக்கையில் வராமலே போய்ச்சேர்கிறார்.

இரண்டாவது பாடம் இனியது. மலேரியா மருந்து தேடிய சீன அரசின் '523' திட்டம் 1967இல் தொடங்கியது. அதில் பணியாற்றிய து யூயூ, 4ஆம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய மருத்துவக் கையேட்டைப் படித்தார். ஒரு செடியைக் கொதிக்கவைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்த குறிப்பு அவரைச் சிந்திக்கவைத்தது. வெப்பம் மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்றுக் குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்தார்; ஆர்ட்டெமிசினின் கிடைத்தது. 2015இல் நோபல் பரிசு வந்தது. அவர் நூலை வணங்கவுமில்லை, எள்ளவுமில்லை. அதிலிருந்த செய்முறைக் குறிப்பு ஒன்றைக் கேள்வியாக மாற்றினார். விடையைச் சரிபார்க்க அவருக்கொரு வாய்ப்பும் இருந்தது: குருதியில் ஒட்டுண்ணியின் எண்ணிக்கையை நுண்ணோக்கியில் பார்க்கலாம். முறிந்த எலும்பைப் போலவே அதுவும் கண்ணால் காணக்கூடிய விடை.

மனத்துக்கான மூலிகையில் இதே வேலையை ஒருகாலத்தில் இந்தியா செய்தது. வட இந்திய வீடுகளில் பித்துக்கும் தூக்கமின்மைக்கும் வழங்கிய சர்ப்பகந்தாவை 1931இல் கல்கத்தாவில் கணநாத சென்னும் கார்த்திக் போசும் நோயாளிகளிடம் ஆராய்ந்து வெளியிட்டனர். அதே ஆண்டில் டெல்லியில் சலீமுசமான் சித்திகியும் ரபத் சித்திகியும் அதன் வேதிப்பொருள்களைப் பிரித்தனர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் உயர் குருதியழுத்தத்தில் அதன் பயனை பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். அதன்பின் 1952இல் சுவிட்சர்லாந்தில் ரிசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. 1954இல் அமெரிக்காவில் நேதன் கிளைன் மனநோயாளிகளிடம் அதன் விளைவை வெளியிட்டார். ரிசர்ப்பின் கொடுத்து அசைவற்றுப்போன முயல்களை எல்-டோப்பா எழுப்பிவிட்டதைக் கண்டே ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் மூளையில் டோப்பமினின் பணியை உணர்ந்தார். பார்க்கின்சன் நோய்க்கான மருந்து அந்த வழியில் பிறந்தது. ரிசர்ப்பின் உண்டோரில் சிலர் கடும் மனச்சோர்வில் வீழ்ந்ததாகப் பதிவுகள் எழுந்து, அதன் பயன்பாடு குறைந்ததும் இதே வரலாற்றின் பகுதி. தீங்கு செய்ய வல்லது என்பதாலேயே அது மருந்தாக இருந்தது. உடலில் எதையும் மாற்றாத பொருளுக்குத்தான் பக்கவிளைவு இராது. அத்தகைய பொருளுக்கு நேர்விளைவும் இராது.

அந்த 1931க்கும் இன்றைய பல்கலைக்கழகங்களுக்கும் இடையே என்ன நேர்ந்தது? குற்றம் வணிகர்மேல் மட்டும் இல்லை. அவர்களுக்கு வாசகம் எழுதித் தருவது ஆய்வுலகமே. ஒரு செடியை மெத்தனாலில் ஊறவைத்து, பிழிவை எலிக்குப் புகட்டி, நீர்த்தொட்டியில் நீந்தவிட்டு நொடிகளை எண்ணி, 'மன அமைதி தரும் மரபு மூலிகை அறிவியல் முறைப்படி நிறுவப்பட்டது' என்று முடிக்கும் கட்டுரைகள் ஆண்டுதோறும் குவிகின்றன. எந்தச் சித்தர் மெத்தனாலில் மருந்து காய்ச்சினார்? எந்த நோயாளி அந்தப் பிழிவை உண்டார்? எலியின் எடைக்கேற்பப் புகட்டிய அளவை மனிதருக்குக் கணக்கிட்டால் ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை கைப்பிடி தின்ன வேண்டும்? இக்கேள்விகளை நெறியாளரும் கேட்பதில்லை, தேர்வாளரும் கேட்பதில்லை. பட்டத்துக்குக் கட்டுரை வேண்டும். கட்டுரைக்குச் செடி வேண்டும். மலையில் செடிகள் நிறைய இருக்கின்றன.

மறுபக்கம் தமிழ்த்துறைகள். மருத்துவச் சுவடி பதிப்பிப்போர் பாடவேறுபாட்டை நுணுகிப் பார்க்கிறார்கள். செய்யுளில் வரும் பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்பதை அகராதியோடு விட்டுவிடுகிறார்கள். தாவரவியலார் செடியை அறிவார், செய்யுளைப் படியார். மருந்தியலார் இரண்டையும் படியார். ஒரே வளாகத்தில் நூறடி இடைவெளியில் இயங்கும் மூன்று துறைகள் ஒரு பெயருக்கு ஒரு செடி என்று ஒருமித்துச் சொல்ல இயலாத நிலையில், பெயர்க்குழப்பம் உயிரைக் குடிக்கும் என்று பிரசெல்சு காட்டி முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன.

எல்லாமே மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோரும் இந்தச் சோம்பலின் பங்காளிகளே. ஆராயாமல் ஏற்பதற்கும் ஆராயாமல் மறுப்பதற்கும் உழைப்பு ஒன்றுதான்: சுழியம். சர்ப்பகந்தாவைச் சோதிக்காமல் சிரித்துவிட்டுப் போயிருந்தால் மருந்தியல் வரலாற்றில் ஓர் இயலே இருந்திராது.

விலை கொடுப்பது மனிதர் மட்டுமன்று. நாராயணவனத்தின் அடிவானத்துக்கு அப்பால் நீளும் சேஷாசல மலைத்தொடரிலும் அதை ஒட்டிய மலைகளிலும் மட்டுமே வாழும் சைகஸ் பெடோமி என்ற பனை போன்ற சிறுமரம் உண்டு. சைகஸ் இனங்களின் ஆண் கூம்பு நரம்புக்கு வலுவூட்டும் என்ற பெயரில் பறிக்கப்படுகிறது; தமிழ்நாட்டு நாட்டுமருந்துக் கடைகளில் அதற்கு மதனகாமப்பூ என்று பெயர். சைகஸ் பெடோமியோ அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையில் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. பயன் நிறுவப்படாத ஒரு பூவுக்காக, வேறெங்கும் இல்லாத ஒரு மரம் தன் இனப்பெருக்கத்தை இழக்கிறது.

அப்படியானால் நாராயணவனத்துச் சமாதியில் வந்து அமர்வோர் ஏமாறுகிறார்களா? அவசரப்பட்டு விடை சொல்லக் கூடாது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய கடும் மனநோயாளிகள் 31 பேரை மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தன. அங்கே மருந்தில்லை; மூலிகையும் இல்லை. உறவினர் ஒருவர் உடனிருந்தார், எளிய வேலை இருந்தது, விரட்டாத ஓர் இடம் இருந்தது. ஒப்பிடுவதற்கு வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது. ஆயினும் அளந்து பார்த்த ஆய்வு. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் மாண்டனர். முதலாவதில் இடம் தந்த அமைதி, இரண்டாவதில் இடம் பூட்டிய சங்கிலி. புனிதத் தலங்களைச் சூழ்ந்த மருத்துவம் முழுவதையும் போற்றுவதும் முழுவதையும் தூற்றுவதும் ஏன் பிழை என்பதற்கு இவ்விரண்டும் போதும். அளந்தால்தான் வேறுபாடு தெரியும்.

மரபுமேல் அன்புடைய ஆய்வாளர் செய்ய வேண்டியவை எளியவை, பெருமையற்றவை. ஏட்டில் வரும் பெயருக்குரிய செடியைச் சான்றுமாதிரியோடு நிறுவுதல். ஏடு சொன்ன பாகத்தை, ஏடு சொன்ன சுத்தியோடு, ஏடு சொன்ன அளவில் சோதித்தல். உறக்கத்துக்கும் அமைதிக்கும் மருந்துப்போலியோடு ஒப்பிட்டு, கொடுப்பவரும் உண்பவரும் அறியாதபடி மனிதரிடம் ஆராய்தல். பயனில்லை என்ற முடிவையும் வெளியிடுதல். உண்டவருள் எவருக்கு என்ன கேடு நேர்ந்தது என்று எண்ணுதல். இவற்றைச் செய்யாமல் 'அறிவியல் முறைப்படி நிறுவப்பட்டது' என்று எழுதும் ஒவ்வொரு கையும் பொடி விற்பவரின் கையோடு கோத்திருக்கிறது.

தூக்கமின்மை பல வேளைகளில் தனி நோயன்று. மனச்சோர்வின் முதல் அறிகுறி. பக்கவிளைவு அற்ற பொடியை நம்பி ஆறு மாதம் காத்திருப்பவர் இழப்பது பொடியின் விலையை மட்டுமன்று, சிகிச்சைக்குரிய அந்த ஆறு மாதத்தையும் சேர்த்தே. அவ்விழப்பு எந்தப் பொதியிலும் பக்கவிளைவாக அச்சிடப்படுவதில்லை. புத்தூரில் கட்டுப் பிசகினால் கை கோணலாகி, கட்டியவரை ஊருக்குக் காட்டிக்கொடுக்கும். மனம் கோணினால் அதைக் காட்டுவதற்கு எக்ஸ்ரே இல்லை. அந்தப் படத்தை எடுக்க வேண்டியவர்கள் ஆய்வாளர்கள். அவர்களோ விளம்பரத்துக்குச் சான்றுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.